கையடக்க எக்ஸ்ரே: கதிர்வீச்சும் குறையணும், படமும் தெளிவா வரணும்... இரண்டும் நடக்குமா?

‘எக்ஸ்ரே எடுத்தா உடம்புக்குக் கெடுதலாமே?’ காசநோய் பரிசோதனை முகாம் எந்த ஊரில் நடந்தாலும் வரிசையில் நிற்பவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இது. கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கான பதில், எக்ஸ்ரேயை அனுப்பும் கருவியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, உடலுக்கு மறுபக்கம் நிறுத்தி வைக்கப்படும் ஒரு கறுப்புப் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகை எவ்வளவு நுட்பமாக உணர்கிறதோ, அந்த அளவுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணி பட்டு நெசவு வட்டாரத்தை ஒட்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதம் திரளும் கூட்டத்தாலும், பக்கத்துச் செண்பகத்தோப்பு அணையாலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். இங்கிருந்து ஆரணிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். இரண்டு வாரமாக இருமல் விடாத ஒரு நெசவாளி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஆரணிக்கோ, திருவண்ணாமலைக்கோ, வேலூருக்கோ போய்வந்தால் அன்றைக்குத் தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலியும் கிடையாது. ‘சாதாரண இருமல்தானே, பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

அந்த எக்ஸ்ரே கருவியே ஊருக்கு வந்துவிட்டால்? கடந்த சில ஆண்டுகளாக நாடு முழுக்க நடக்கும் முயற்சி இதுதான். தூக்கிச் செல்லக்கூடிய, மின்கலத்தில் ஓடும் எக்ஸ்ரே கருவிகள் காசநோய் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. அதை நம்பலாமா, அதன் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் என்ன, எங்கே இன்னும் இடைவெளி இருக்கிறது?

இருமலே இல்லாதவருக்கு எதற்கு எக்ஸ்ரே?

2023-ல் உலகக் காசநோயாளிகளில் 26 விழுக்காட்டினர் இந்தியாவில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோய் வந்தவர்களில் பலருக்கு அது வந்திருப்பதே தெரியாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது. அறிகுறிகளை மட்டும் கேட்டு, எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தவறிப் போயிருப்பார்கள். இருமல், காய்ச்சல், எடை குறைதல் என்று எதையும் சொல்லாதவர்களின் நுரையீரலிலும் நிழல் இருந்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்த ஆய்வில் முக்கியப் பங்கு உண்டு.

2024 டிசம்பர் 7-ம் தேதி மத்திய அரசு 347 மாவட்டங்களில் 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, கையடக்க எக்ஸ்ரேவும், படத்தைப் படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் அதில் முன்னிலை பெற்றதற்கு இதுவே காரணம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பு எக்ஸ்ரேயைப் படிக்க இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்திருந்தது.

அதாவது, நோய் இருப்பதாகத் தெரியாத, நல்ல உடல்நிலையோடு நடமாடும் ஆயிரக்கணக்கானோருக்கு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் இருக்காது. நோயாளிக்கு எடுக்கும் படத்தை விட, நோயில்லாதவருக்கு எடுக்கும் படத்தில் கதிர்வீச்சு குறைவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கேதான் கூடுகிறது.

ஒரு படத்தில் எவ்வளவு கதிர்வீச்சு?

முன்பக்கமாக நெஞ்சைப் பலகையில் வைத்து எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேயில் உடலுக்குப் போகும் அளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட். பக்கவாட்டுப் படமும் சேர்த்து எடுத்தால் 0.1 வரை போகலாம். ஒப்பிட்டுப் பார்க்க: மண், காற்று, உணவு, வானம் என்று இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டிருக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்ரே என்பது, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மூன்று நாளில் கிடைத்துவிடும் அளவு. தோரிய மணல் நிறைந்த மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இயற்கை அளவே இதைவிட அதிகம். மார்பு சி.டி. ஸ்கேன் என்றால் கதை வேறு. அதில் ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட், அதாவது 300 எக்ஸ்ரேக்களுக்கு மேல்.

எனவே ‘ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே புற்றுநோய் வந்துடும்’ என்பது வெறும் பீதி. ‘அதுல ஒண்ணுமே இல்ல’ என்பதும் சரியல்ல. சிறு அளவுக்குச் சிறு ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, தேவைக்கு மேல் ஒரு துளியும் கொடுக்கக்கூடாது என்பதே உலகம் முழுக்க ஏற்கப்பட்ட விதி. நோயாளிக்கு எடுக்கும் மருத்துவப் படத்துக்குச் சட்டப்படியான உச்சவரம்பு கிடையாது. அதனாலேயே பொறுப்பு முழுவதும் எடுப்பவர் கையிலும் கருவியின் தரத்திலும் விழுகிறது.

கருவியைக் கையாளும் ஊழியர் நிலை வேறு. அவர் ஒரே நாளில் நூறு படம் எடுக்கலாம். ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.

அந்தப் பலகைக்குள் என்ன இருக்கிறது?

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாள் முதல் அடிப்படை மாறவில்லை. ஒரு பக்கம் கதிர், நடுவில் உடல், மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும் தளம். எலும்பு கதிரைத் தடுக்கும், காற்று நிறைந்த நுரையீரல் விட்டுவிடும். அந்த வித்தியாசமே படம். மாறியது வாங்கிக்கொள்ளும் தளம்தான். முதலில் கண்ணாடித் தட்டு, பிறகு ஃபிலிம், பிறகு கேசட்டில் வைத்து இயந்திரத்தில் படிக்கும் தகடு, இப்போது ‘பிளாட் பேனல்’ எனப்படும் டிஜிட்டல் டிடெக்டர்.

இந்த டிடெக்டர்களில் பெரும்பாலானவை இரண்டு கட்டமாக வேலை செய்கின்றன. மேலே ஓர் ஒளிர்பொருள் படலம். எக்ஸ்ரே பட்டதும் அது பச்சை ஒளியாக மினுங்கும். கீழே லட்சக்கணக்கான நுண்ணிய ஒளியுணரிகள். அவை அந்த மினுக்கத்தை மின்சாரமாக்கிக் கணினிக்கு அனுப்பும். ஒவ்வொரு உணரியும் ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர் அகலம். 43 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் அப்படி 90 லட்சத்துக்கு மேல் இருக்கும்.

ஒளிர்பொருளில்தான் தரத்தின் ரகசியம். விலை குறைந்த பலகைகளில் காடோலினியம் கலந்த தூள் பூசப்பட்டிருக்கும். அதில் பிறக்கும் ஒளி நாலா பக்கமும் சிதறும். படலத்தைத் தடிமனாக்கினால் கூடுதல் கதிரைப் பிடிக்கலாம், ஆனால் சிதறலும் கூடிப் படம் மங்கும். விலை கூடிய பலகைகளில் சீசியம் அயோடைடு. அது சில மைக்ரான் தடிமனுள்ள ஊசிகளாக, பாவு நூல்கள் போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக வளர்க்கப்படுகிறது. ஒவ்வொரு ஊசியும் தன்னுள் பிறந்த ஒளியைப் பக்கத்துக்கு விடாமல் நேராகக் கீழே இறக்குகிறது. அதனால் படலத்தை அரை மில்லிமீட்டர் வரை தடிமனாக்கினாலும் கூர்மை பெரிதாகக் கெடுவதில்லை.

கதிரை இன்னும் பாதியாகக் குறைத்தால் என்ன?

தூறல் ஆரம்பித்த உடனே வாசலைப் பார்த்தால் இது புரியும். அங்கொன்று இங்கொன்றாகத் துளிகள் விழும்போது, சிமென்ட் தரையில் ஒரு கட்டத்தில் ஐந்து துளி, அடுத்த கட்டத்தில் ஒன்று, அதற்கடுத்ததில் மூன்று என்று இருக்கும். மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பெய்கிறது, ஆனால் தரை புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. நன்றாகப் பெய்த பிறகுதான் தரை சமமாக நனையும்.

எக்ஸ்ரேயும் துளித்துளியாகத்தான் வருகிறது. துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். ஓர் உணரியில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால், தற்செயலாகவே 10 கூடலாம், 10 குறையலாம். அதாவது 10 விழுக்காடு தடுமாற்றம். 10,000 விழுந்தால் தடுமாற்றம் 100 மட்டுமே, அதாவது 1 விழுக்காடு. இந்தத் தடுமாற்றத்தைப் படத்தில் ‘இரைச்சல்’ என்கிறார்கள். மணல் தூவியது போல் தெரியும். கதிரைப் பாதியாக்கினால் இரைச்சலின் பங்கு 1.4 மடங்கு கூடும். தெளிவை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும்.

நடைமுறையில் எவ்வளவு? ஒரு வழக்கமான படத்துக்குப் பலகையை வந்தடையும் அளவு சுமார் 2.5 மைக்ரோகிரே. அந்த அளவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 75,000 ஃபோட்டான். உணரி ஒன்றுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,500. தடுமாற்றம் இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். நுரையீரலைப் பார்க்க இது போதும். ஆனால் இதயத்துக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கும் பகுதிக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே 150 ஃபோட்டான், 8 விழுக்காடு தடுமாற்றம். சின்னப் புண் ஒன்று அங்கே ஒளிந்திருந்தால் அந்த மணல் தூவலில் காணாமல் போகும்.

இதுதான் சிக்கலின் மையம். கதிரைக் குறைப்பது சுலபம், பொத்தானைத் திருப்பினால் போதும். குறைத்த பிறகு வரும் படத்தில் நோய் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், எவ்வளவு சிறிய அளவானாலும் அந்தக் கதிர்வீச்சு வீண்.

‘உணர்திறன் கூடியது’ என்றால் உண்மையில் என்ன?

டிடெக்டரின் தரத்தை அளக்க ‘டிக்யூஇ’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. வந்து விழுந்த ஃபோட்டான்களில் இருந்த தகவலில் எவ்வளவு படமாக மாறியது என்பதை அது விழுக்காட்டில் சொல்லும். பழைய ஃபிலிமுக்கும் கேசட் தகட்டுக்கும் இது சுமார் 20 முதல் 30. தூள் பூசிய பலகைக்குச் சுமார் 40. நல்ல சீசியம் அயோடைடு பலகைக்கு 65-க்கு மேல். தூள் பலகையில் எடுக்கும் அதே தரமான படத்தை ஊசிப் பலகையில் எடுத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதிர் மிச்சமாகும். நோயாளிக்குச் செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. டிக்யூஇ 100-ஐத் தாண்டவே முடியாது. வராத ஃபோட்டானை எந்தப் பலகையும் பிடிக்க முடியாது. 65-லிருந்து 100-க்குப் போனாலும் லாபம் ஒன்றரை மடங்குதான். அப்படியானால் ‘பல மடங்கு உணர்திறன் கூடிய புதிய பொருள்’ என்று அவ்வப்போது வரும் செய்திகள்?

அவை பொய்யல்ல. ஆனால் வேறு ஒன்றை அளக்கின்றன. 2017-ல் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனமும் சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகமும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டன. பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் பொருளை மை போல அச்சடித்து எக்ஸ்ரே பலகை செய்யலாம் என்றும், ஒரே அளவு கதிருக்கு அது வழக்கமான டிடெக்டர்களை விடக் குறைந்தது பத்து மடங்கு மின்னூட்டம் தருகிறது என்றும் அது காட்டியது. அதே ஆண்டில், ஈயமே இல்லாத, வெள்ளியும் பிஸ்மத்தும் கலந்த பெரோவ்ஸ்கைட் படிகம் ஒன்று நொடிக்கு 59.7 நானோகிரே என்ற மிகச் சிறிய அளவையும் உணர்ந்ததாக இன்னொரு குழு அறிவித்தது. இந்தப் பொருள்கள் எக்ஸ்ரேயை ஒளியாக்காமல் நேரடியாக மின்சாரமாக்குவதால் சிதறல் பிரச்சினையும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது: பத்து மடங்கு மின்னூட்டம் என்றால் பத்தில் ஒரு பங்கு கதிர் போதும் என்று அர்த்தமில்லை. திருவிழாவில் ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கூட்டினால் பேச்சு பெரிதாகக் கேட்கும். மைக்கில் விழுந்த பேச்சே குழறலாக இருந்தால், குழறலும் சேர்ந்துதான் பெரிதாகும். சில பொருள்களில் ஒரு ஃபோட்டான் எழுப்பிய மின்னூட்டம் பல முறை சுற்றிவந்து சமிக்ஞையைப் பெருக்கிவிடும். கூடவே இரைச்சலும் பெருகும்.

அப்படியென்றால் பயனே இல்லையா? உண்டு. டிடெக்டரின் மின்சுற்றுக்கென்று சொந்தமாக ஓர் இரைச்சல் இருக்கிறது. கதிர் தாராளமாக வரும்போது அது அடங்கிப் போகும். கதிர் மிகவும் குறையும்போது, குறிப்பாக இதயத்துக்குப் பின்னால் உள்ள இருட்டுப் பகுதியில், அதுவே மேலோங்கி நிற்கும். அங்கே சமிக்ஞை வலுவாக இருந்தால் மின்சுற்று இரைச்சல் தோற்றுப்போகும். ஆகவே, புதிய பொருள்களின் உண்மையான பயன் மிகக் குறைந்த கதிரில்தான் வெளிப்படும்.

இதே நோக்கத்தை வேறு வழியில் எட்டிய கருவி ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் சி.டி. ஸ்கேனருக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. காட்மியம் டெலூரைடு படிகத்தில் செய்யப்பட்ட அதன் டிடெக்டர், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருக்கும் மின்துடிப்பை எண்ணாமலே விட்டுவிடுவதால் மின்சுற்று இரைச்சல் கணக்கிலேயே வராது. எக்ஸ்ரேயை விட நூற்றுக்கணக்கான மடங்கு கதிர் செலவாகும் சி.டி.யில் இது பெரிய விஷயம். விலை காரணமாக இன்னும் பெரிய மருத்துவமனைகளுக்கே எட்டுகிறது.

கையடக்கக் கருவிக்கு நல்ல பலகை ஏன் கூடுதலாகத் தேவை?

மருத்துவமனையில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரத்துக்கு மின்சாரம் தாராளம். கண்ணிமைக்கும் நேரத்தில் வேண்டிய அளவு கதிரைக் கொட்டிவிடும். சில கிலோ எடையுள்ள, மின்கலத்தில் ஓடும் கருவிக்கு அந்தச் சக்தி கிடையாது. குறைந்த கதிரைச் சற்று நீண்ட நேரம் விட வேண்டியிருக்கும். ‘அம்மா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க’ என்று சொன்னாலும் இதயம் நிற்காது, இருமல் வந்தால் உடம்பு அசையும். படம் கலங்கும். கலங்கினால் மறுபடி எடுக்க வேண்டும். மறுபடி எடுத்தால் கதிர் இரட்டிப்பு.

ஆகவே, பலகை நுட்பமாக உணரும்போது நோயாளிக்குக் கதிர் குறைவதோடு வேறு பல லாபங்களும் வருகின்றன. கருவி எடை குறையும், மின்கலம் நாள் முழுக்கத் தாங்கும், பக்கத்தில் நிற்கும் ஊழியர் மீது சிதறும் கதிரும் குறையும். கையடக்க எக்ஸ்ரே என்பதே நல்ல டிடெக்டர் வந்ததால் சாத்தியமான ஒன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து கையடக்க எக்ஸ்ரே கருவி ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கியிருப்பதாகவும், வெளிநாட்டுக் கருவியின் விலையில் பாதிக்குக் கிடைக்கும் என்றும் 2024-ல் அறிவிக்கப்பட்டது. கதிரை உண்டாக்கும் பாகத்தில் இது நல்ல முன்னேற்றம். டிடெக்டர் பலகைக்கோ இந்தியா இன்னும் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. முழுக் கருவியின் செலவில் பெரும் பங்கு வகிப்பதும், கீழே விழுந்தால் முதலில் கெடுவதும் அந்தப் பலகைதான்.

புதிய பொருள் பலகை எப்போது முகாமுக்கு வரும்?

இப்போதைக்கு இல்லை. பெரோவ்ஸ்கைட் ஈரப்பதத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது. மின்னழுத்தம் கொடுத்தால் அதற்குள் அயனிகள் நகர ஆரம்பித்து, கதிரே படாதபோதும் மின்சாரம் கசியும். போன படத்தின் சாயல் அடுத்த படத்தில் லேசாகத் தெரியும் தொல்லையும் உண்டு. பெரும்பாலான வகைகளில் தண்ணீரில் கரையக்கூடிய ஈயம் இருக்கிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் ஒரு சென்டிமீட்டர் படிகத்தில் கிடைத்த முடிவு, கத்திரி வெயிலில் வேனுக்குள் வைத்து, கரடுமுரடான சாலையில் குலுங்கிப் போகும் 43 சென்டிமீட்டர் பலகையில் ஐந்து வருடம் நிலைக்க வேண்டும். அந்தத் தூரம் இன்னும் கடக்கப்படவில்லை.

ஆகவே அடுத்த சில ஆண்டுகளுக்குப் படவேடு போன்ற ஊர்களுக்கு வரப்போவது சீசியம் அயோடைடு பலகையோ, தூள் பலகையோதான். எது வரும் என்பதை முடிவு செய்வது டெண்டர். கருவியின் எடை, மின்கல அளவு, விலை ஆகியவற்றைக் கேட்கும் டெண்டர் டிக்யூஇ-யையும் கட்டாய நிபந்தனையாகக் கேட்டால் நல்ல பலகை வரும். கேட்காமல் விட்டால் விலை குறைந்தது வரும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி கறுப்புப் பலகைதான்.

நல்ல பலகை வந்தாலே கதிர்வீச்சு குறைந்துவிடுமா?

தானாகக் குறையாது. இது பலரும் எதிர்பார்க்காத இடம். ஃபிலிம் காலத்தில் கதிரைக் கூடுதலாகக் கொடுத்தால் ஃபிலிம் கறுத்துவிடும், எடுத்தவர் மாட்டிக்கொள்வார். டிஜிட்டலில் அப்படியில்லை. மூன்று மடங்கு கொடுத்தாலும் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். படம் இன்னும் பளிச்சென்று வரும். ‘படம் நல்லா வருதே’ என்று அந்த அமைப்பே வழக்கமாகிவிடும். சத்தமில்லாமல் அளவு ஏறிக்கொண்டே போகும் இந்தப் போக்கை உலகெங்கும் கதிரியல் துறையினர் கவனித்திருக்கிறார்கள். அதைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு படத்திலும் பலகைக்கு வந்த கதிர் அளவைக் காட்டும் குறியீட்டு எண்ணுக்கு 2008-ல் சர்வதேசத் தரநிலை வகுக்கப்பட்டது. எண் திரையில் இருக்கிறது. அதைப் பார்ப்பவர், வாரம் ஒரு முறை குறித்து வைப்பவர், ஏறினால் கேள்வி கேட்பவர் இருக்க வேண்டும்.

மென்பொருளிலும் எச்சரிக்கை தேவை. இரைச்சலான படத்தைச் செயற்கை நுண்ணறிவால் ‘சுத்தம்’ செய்ய முடியும். ஆனால் மணல் தூவலோடு சேர்த்து ஒரு சின்னப் புண்ணையும் அது துடைத்துவிடலாம். தெளிவான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், மங்கலான முகாம் படத்தைத் தவறாகப் படிக்கவும் கூடும். குறைந்த கதிரில் எடுத்த உள்ளூர்ப் படங்களிலேயே அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இதற்கு முன்பும் வேன் வந்ததுண்டு

ஊர் ஊராக எக்ஸ்ரே எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று உலகுக்குக் காட்டியது 1956-ல் சென்னையில் தொடங்கிய மையம். அதன் முடிவுகள் 1959-ல் வந்தன. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியபோது கிராமம் கிராமமாகப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆனால் 1974-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எல்லோருக்கும் கண்மூடித்தனமாக எக்ஸ்ரே எடுக்கும் திட்டங்களைக் கைவிடச் சொன்னது. செலவு அதிகம், வண்டியும் கருவியும் அடிக்கடி படுத்துவிடும், கிடைக்கும் பலன் குறைவு என்பது வாதம்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே வழி திரும்ப வருகிறது. டிஜிட்டல் பலகை, சின்னக் கருவி, படிக்கும் மென்பொருள் ஆகிய மூன்றும் பழைய கணக்கை மாற்றியிருக்கின்றன. பழைய எச்சரிக்கையில் ஒரு பகுதி மட்டும் அப்படியே நிற்கிறது. படம் எடுத்த பிறகு அடுத்த படி இல்லையென்றால் எடுத்ததற்குப் பயனில்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் எல்லாம் காசநோய் அல்ல. பழைய தழும்பாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். நிழல் தெரிந்தவரிடம் சளி வாங்கி, ட்ரூநாட் போன்ற மூலக்கூறு பரிசோதனையில் உறுதி செய்த பிறகே சிகிச்சை. முகாமில் படம் எடுத்துவிட்டு, ‘சளி கொடுக்க நாளைக்கு ஆரணிக்கு வாங்க’ என்று அனுப்பினால், முதலில் தள்ளிப்போட்ட அதே நெசவாளி மறுபடியும் தள்ளிப்போடுவார். நோய் முற்றிய நிலையில் வருபவர்களின் உயிரிழப்பைக் குறைப்பதற்காகத் தமிழக அரசு 2022-ல் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ கொண்டுவந்தது. முற்றுவதற்கு முன்பே பிடிப்பது அதைவிட மலிவு, நோயாளிக்கும் நல்லது.

முகாமுக்குப் போகிறவர்கள் என்ன கேட்கலாம்?

கர்ப்பிணியாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். சமீபத்தில் எக்ஸ்ரே எடுத்திருந்தால் அந்தப் படத்தைக் கொண்டு போவது நல்லது. திரும்ப எடுப்பதைத் தவிர்க்கலாம். சங்கிலி, தாலிக்கொடி, பித்தான் வைத்த சட்டை ஆகியவற்றைக் கழற்றவோ ஒதுக்கவோ சொன்னால் தயங்கக் கூடாது. படத்தில் அவை விழுந்தால் இரண்டாவது முறை எடுக்க நேரிடும். மூச்சை இழுத்துப் பிடிப்பதும் அதே காரணத்துக்காகத்தான். துணைக்கு வந்தவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், தள்ளி நிற்க வேண்டும். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினாலே மேலே படும் கதிர் கால் பங்காகக் குறையும்.

ஊழியரிடமும் கேட்கலாம். கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, எடுப்பவர் பயிற்சி பெற்றவரா, அவர் ஈய ஏப்ரனும் கதிர் அளவு பதிவாகும் பேட்ஜும் அணிந்திருக்கிறாரா, சளிப் பரிசோதனை இங்கேயே நடக்குமா என்று கேட்பது யாரையும் அவமதிப்பதல்ல.

பட்டுச் சேலையை வாங்க வருபவர் ஜரிகையின் பளபளப்பை மட்டும் பார்ப்பார். நெசவாளி திருப்பிப் போட்டு, பாவு நெருக்கத்தைப் பார்ப்பார். ஊருக்கு வரும் எக்ஸ்ரேயிலும் பலரும் பார்ப்பது கையில் பிடிக்கும் கருவியை மட்டும்தான். குறைந்த கதிரில் ஒரு நோயாளியின் முதல் நிழலைப் பிடிப்பதா, விடுவதா என்பது பின்னால் இருக்கும் பலகையையும், அதை வாங்கும்போது எழுதப்படும் நிபந்தனையையும், படம் எடுத்த அன்றே வாங்கப்படும் சளி மாதிரியையும் பொறுத்தது.